அப்பிள் மலையில் எடுத்த ஆணி

உங்கள் ஆணியைத் தொட்ட கை இன்னும் மணக்கிறது, மச்சாள். சோப்புப் போட்டுக் கழுவியும் துரு மணம் போகவில்லை. குசினி யன்னலைத் திறந்துவிட்டு, ஆணியை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். வெளியே நல்ல வெக்கை. கீழ்வீட்டுக்காரர் பல்கனியில் இறைச்சி வாட்டுகிறார்கள். அந்தப் புகையையும் மீறி இரும்புதான் மணக்கிறது. என் மனுசன், அதுதான் உங்கள் தம்பி, வேலையால் இன்னும் வரவில்லை. மகள் முன்னறையில் பிரெஞ்சுக் காட்டூன் பார்த்துக்கொண்டு தனியே சிரிக்கிறாள். உங்களோடு கதைக்க இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது.

நீங்கள் போனது கடும் பனிக்காலத்தில். நிலம் உறைந்து கிடக்கிறது, பனி இளகும் வரைக்கும் அடக்கம் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். "அக்கா ஊரில செக்பொயின்ற்றில நிண்டா, இஞ்ச வந்து பஸ்ஸுக்கு நிண்டா, இப்ப மண்ணுக்குப் போகவும் வரிசையில நிக்கிறா" என்று சொல்லிவிட்டு உங்கள் தம்பி குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். சித்திரை முடிகிற நேரத்தில்தான் உங்களை மண்ணில் வைத்தோம். பிறகு மேல்மாடியில் உங்கள் வீட்டைக் காலி செய்தோம். சீலைகளைக் கோயில் ஆட்களுக்குக் கொடுத்தேன். தையல் மெசினை, உங்களோடு வேலை செய்த ஒரு பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கறுப்புக் கைப்பையை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதைத் திறக்கிற துணிவு எனக்கு ஆடி பிறந்த பிறகுதான் வந்தது.

சிப்பை இழுத்ததும் நீங்கள் வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. தைலம், மெழுகுதிரி, வாயில் போடுகிற பெப்பமின்ற், எல்லாம் சேர்ந்த மணம். அடியில், கோயிலுக்குத் தலையில் போடுகிற உங்கள் வெள்ளை நெற் துணியில் சுற்றி அந்த ஆணி கிடந்தது. ஒரு சாண் நீளம், பெருவிரல் மொத்தம், தலையில் ஆறு மூலை. நெற் முழுக்கத் துரு ஊறி மண்ணிறமாகியிருந்தது. இந்த ஒரு ஆணி எங்களை என்ன பாடுபடுத்தியது, மச்சாள்!

அந்தக் கோடை உங்களுக்கு மறக்காது. சண்டை நின்று ஊரில் பாதை திறந்த வருடம். மொன்றியலில் பாதிச் சனம் பிளேன் ஏறியது. திரும்பி வந்தவர்கள் பனை ஒடியலும் பினாட்டும் கொண்டுவந்தார்கள். வேதக்காரர் மடு மாதா கோயில் மண்ணும் கொண்டுவந்தார்கள். பாம்புக்கடியோ, காய்ச்சலோ, பயமோ, எதற்கும் அந்த மண் மருந்து என்பது உங்கள் ஆட்களின் நம்பிக்கை. உங்களுக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. போக உங்களால் முடியவில்லை. முழங்கால் வருத்தம் ஒரு பக்கம், சபனெல் தெருவில் நீங்கள் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் லீவு கிடைக்காதது மறுபக்கம்.

எனக்கு அது வேறு மாதிரியான வருடம். இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போன வருடம். முதலாவது போனபோது அழுதேன். இரண்டாவதுக்கு அழுகையும் வரவில்லை. கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன் அல்லவா, குஞ்சுக் கோப்பைகளில் சூப் ஊற்றிக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் ஒரு குழந்தை ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்து விடமாட்டேன் என்று நின்றது. அதோடு வேலையை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யன்னல் சீலை திறப்பதில்லை, போன் எடுப்பதில்லை. உடம்பில் குறை ஒன்றும் இல்லை, இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார் டொக்டர். நான் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேண்டாம், இனி எனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவர் சரி என்றார். சரி என்று சொன்ன அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நீங்கள்தான் சரி சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, சீலைக்குக் கீழே ஓடுகிற சப்பாத்தும் தோளில் கறுப்புப் பையுமாக வந்து என் கட்டில் கரையில் நின்றீர்கள்.

"எழும்பும். மலைக்குப் போறம்."

"எந்த மலைக்கு?"

"அப்பிள் மலைக்கு. உம்மட மனுசனைக் கார் எடுக்கச் சொல்லிப்போட்டன்."

"மச்சாள், அப்பிள் இன்னும் பழுக்கேல்லை."

"அப்பிளுக்கு ஆர் போறது? சிலுவைப்பாதை செய்யப் போறன். தனியப் போக ஏலாது, முழங்கால் விடாது. நீர் துணைக்கு வாறீர்."

சிலுவைப்பாதை தவக்காலத்தில் அல்லவா செய்வார்கள் என்று சைவக்காரியான நான் உங்களுக்கு வேதம் படிப்பித்தேன். "மாதா உம்மளை மாதிரிக் கலண்டர் பாத்துக்கொண்டு இருக்கிறேல்லை. முகத்தைக் கழுவும்" என்றீர்கள்.

அப்பிள் மலையின் சொந்தப் பெயர் நம்மில் பாதிப்பேருக்கு இன்றைக்கும் தெரியாது. ஆற்றுக்கு அங்கால், தட்டையான வயல்களுக்கு நடுவில் தனியே எழும்பி நிற்கும். அதன் அடியில் தோட்டங்கள். இலை பழுக்கிற காலத்தில் நம் சனம் வான் பிடித்துப் போய், பிடுங்குகிற அப்பிளில் பாதியை மரத்தடியிலேயே தின்றுவிட்டு வரும். மலையில் ஏற ஒருவருக்கும் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் இருந்த கிழவி. இந்த நாட்டுப் பிரெஞ்சுக்காரி. தன் தாய் காலத்தில் அந்த மலை உச்சியில் சிலுவை நின்றது, சனம் செபமாலையோடு ஏறும் என்று அவள் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு போன்ஜூரையும் மெர்சியையும் விட்டால் பிரெஞ்சு கிடையாது. அவள் கையால் சிலுவை போட்டுக் காட்டி, விரலை மேலே நீட்டியிருக்கிறாள். உங்களுக்கு அது காணும். சிலுவை நின்றதென்றால் சிலுவைப்பாதையும் இருந்திருக்கும், பாதை இருந்ததென்றால் ஆண்டவரின் பாடுகளை நினைத்து நின்று செபிக்கிற பதினான்கு தலமும் இருந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மடுவுக்குக் கொண்டுபோக முடியாத நேர்த்தியை இந்த மலைக்குக் கொண்டுபோனீர்கள். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

இரவு வேலை முடித்து வந்த மனுசன் கொட்டாவி விட்டபடி கார் ஓடினார். மலையடியில் ஒரு பலகை நின்றது. உங்கள் தம்பி அதை வாசித்தார்.

"அக்கா, இது எரிமலையாம். வெடிச்சால் என்ன செய்வியள்?"

"வெடிக்கட்டும். எங்கட ஊரில வெடிக்காததோ."

"பயப்பிடாதையுங்கோ, வெடிக்கேல்லையாம். நெருப்புக் குழம்பு மேல வரப் பாத்திட்டு, வெளியில வராமல் உள்ளுக்கையே இறுகிப்போச்சாம்."

நீங்கள் மலையை அண்ணாந்து பார்த்து "பாவம்" என்றீர்கள். நான் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். அதை நீங்கள் கவனித்தீர்கள், ஆனால் கவனிக்காத மாதிரி நடந்தீர்கள். உங்கள் தம்பி காரின் சீற்றைச் சாய்த்துவிட்டு அங்கேயே நித்திரை கொண்டார்.

காட்டுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். செடிகளுக்குள் ஒரு சீமெந்துக் கட்டை. பாசி பிடித்து, நடுவில் துருப்பிடித்த இரும்புக் குற்றி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணாந்து பார்த்தால் மேலே இன்னொன்று. அதற்கு நேரே இன்னொன்று. மலை உச்சி வரைக்கும் ஒரே கோட்டில்.

"என்ர மாதாவே" என்று அந்தக் கல்லிலும் முள்ளிலும் முழங்காலில் விழுந்தீர்கள். "பாத்தீரோ? பாரும்! சிலுவையளை ஆரோ அறுத்துக்கொண்டு போட்டாங்கள், அடி நிக்குது. எத்தினை வருசமோ, ஒருத்தரும் கும்பிடாமல்."

இரண்டு பேருக்கும் மயிர் கூச்செறிந்தது. எனக்கும்தான், பொய் சொல்லமாட்டேன். நீங்கள் கட்டையின் பாசியைச் சீலைத் தலைப்பால் துடைத்து முதலாந் தலத்தைத் தொடங்கினீர்கள். நீங்கள் செபம் சொல்ல, முடிகிற இடத்தில் நான் ஆமென் சொன்னேன். இடையில் இரண்டு தரம் "அரோகரா" வாய் வரைக்கும் வந்தது. நீங்கள் ஓரக்கண்ணால் பார்த்தீர்கள்.

மூன்றாவது கட்டைக்குப் போகிற வழியில் வழுக்கி உண்மையாகவே விழுந்தீர்கள். நான் பதறிப்போய்த் தூக்க வர, "விடும், விடும். ஆண்டவர் விழுந்த தலமல்லோ, நான் மட்டும் நிண்டால் வடிவோ?" என்று இருந்தபடியே செபத்தைச் சொல்லி முடித்தீர்கள்.

நாலாந் தலத்தில்தான் பகிடி நின்றது. ஆண்டவர் தன் தாயைச் சந்திக்கிற தலம் என்று சொன்னீர்கள். செபம் தொடங்கவில்லை. கட்டையில் கையை வைத்தீர்கள். மரத்தில் ஏதோ பூச்சி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒண்டு போனது, பிள்ளை" என்றீர்கள். "உமக்குத் தெரியாது. தம்பியும் சொல்லியிருக்கமாட்டான். மடுவில அகதியா இருக்கேக்க. பெடியன். ஆறு மாசம். காய்ச்சல். மருந்து எடுக்கப் போன மனுசன் பாதை பூட்டி அங்கால நிண்டிட்டார். மாதாவின்ர வாசல்லையே வச்சுக்கொண்டு இருந்தன்."

பிள்ளையை மடுவில் பறிகொடுத்துவிட்டு, அந்த மடு மாதாவிடமேயா நேர்த்தி வைக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். நீங்களே சொன்னீர்கள்: "அவவோட நான் ரெண்டு வருசம் கதைக்கேல்லை. கோவம். பேந்து ஒரு நாள் யோசிச்சன், அவவுக்கும் பிள்ளை போனதுதானே. வேற ஆரோட போய் இதைக் கதைக்கிறது?"

பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நீர் பயத்தில வேண்டாம் எண்டால், வேண்டாம் எண்டு சொல்லாதையும். விருப்பம் இல்லாமல் வேண்டாம் எண்டால் நான் இப்பவே இறங்கி வாறன், ஒரு சொல்லும் சொல்லமாட்டன். எது?"

பயம் என்று சொன்னேன். சொன்னதும் குளிர்காலம் முழுக்க வராத அழுகை வந்தது. அந்தக் கட்டையில் முகத்தை வைத்து, சிறு பிள்ளைபோல் விக்கி விக்கி அழுதேன். நீங்கள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. முதுகைத் தடவிக்கொண்டு நாலாந் தலத்துச் செபத்தை மெல்லச் சொன்னீர்கள்.

எழும்பினபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. நான் உங்கள் பையை வாங்கி என் தோளில் போட்டேன். என்ன கோதாரியை அடைத்து வைத்திருந்தீர்களோ, அப்படிப் பாரம். அடுத்த கட்டையடிக்கு வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "இது ஐஞ்சாந் தலம். ஆண்டவருக்குச் சிலுவை சுமக்க ஏலாமல் போகேக்க சீமோன் எண்டு ஒரு ஆள், வழியில போன மனுசன், பிடிச்சுத் தூக்கிக் குடுத்தது. அவனும் எங்கட சமயம் இல்லை. இண்டைக்கு நீர்தான் சீமோன்."

கட்டைகள் பதினான்கோடு நிற்கவில்லை, நினைவிருக்கிறதா? அடக்கம் செய்கிற தலமும் முடிந்த பிறகு மேலே இன்னொன்று நின்றது. மாட்டிக்கொண்டீர்கள் என்று நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அசரவில்லை. "உயிர்த்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மேலே நடந்தீர்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பன்னச் செடிகளுக்குள் பெரிய இரும்புச் சில்லு ஒன்று சரிந்து கிடந்தது. நடுவில் பள்ளம் விழுந்த சில்லு, கயிறு ஓடுகிற மாதிரி. கோயில் மணி கட்டிய சில்லு என்று கண்டவுடனே சொல்லிவிட்டீர்கள். மணிக்கயிறு ஓடித்தான் அந்தப் பள்ளம். அதை மூன்று தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அதனருகே மண்ணில் புதைந்து கிடந்தது இந்த ஆணி. சிலுவையைப் பூட்டிய ஆணி என்றீர்கள். குச்சியால் கிண்டி எடுத்து, மடு மண் பொட்டலத்தைப் பிரித்து, எடுத்த பள்ளத்தில் ஒரு சிட்டிகை மண் போட்டு மூடினீர்கள்.

"இது திருப்பண்டம்" என்றீர்கள்.

"அதென்ன?"

"புனிதர்மாரின்ர எலும்பு, உடுப்பு, அவை தொட்டது, பாவிச்சது. அவை போனாலும் அதிலை அவையின்ர ஆசீர் நிக்கும்."

"புனிதர் எண்டு ஆர் சொல்லுறது?"

"றோமில பாப்பரசர் சொல்லோணும். அதுக்கு முதல் சனத்துக்குத் தெரியும்."

அந்தச் சில்லில் சாய்ந்திருந்து நீங்கள் கொண்டுவந்த ரோல்ஸ் சாப்பிட்டோம். இறைச்சி ரோல்ஸ், பச்சைமிளகாய் தூக்கலாய். கீழே ஆறு மினுங்கியது, அதற்கு அங்கால் நகரம் வெக்கையில் மங்கித் தெரிந்தது. நான் மூன்று சாப்பிட்டேன். மாதக்கணக்குக்குப் பிறகு எனக்கு உணவில் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆணியை என் தலையணைக்குக் கீழே வைத்தீர்கள். உங்களுக்காக வைத்துக்கொண்டேன், முதலில். புரட்டாதியில் மூன்றாவது தங்கியது. டொக்டர் படுக்கையில் இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்காக வைத்துக்கொண்டேன். இரவில் வயிறு கொஞ்சம் இழுத்தாலும் கை தலையணைக்குக் கீழேதான் போகும். நெற்றியில் வீபூதி, தலைக்குக் கீழே சிலுவை ஆணி. "ரெண்டு பக்கமும் காவல் போட்டிருக்கு, இனி ஆமியும் உள்ளுக்கு வராது" என்பார் உங்கள் தம்பி.

அந்த இலையுதிர்காலத்தில் கோயில் ஆட்களோடு நீங்கள் அப்பிள் பிடுங்கப் போனது நினைவிருக்கிறதா? பொழுது பட்ட பிறகு வந்தீர்கள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்னை எழும்பவிடாமல் நீங்களே தைலம் பூசிக்கொண்டு என் கட்டிலருகே இருந்தீர்கள்.

"அப்பிள் பிடுங்கியே இப்பிடி வீங்கினது?" என்று கேட்டேன்.

"மரம் உயரம்" என்றீர்கள்.

தைலப் போத்திலை மூடிவிட்டு, "ஆணி தலையணைக்குக் கீழ கிடக்கோ?" என்றீர்கள்.

"ஓம்."

"கிடக்கட்டும்."

அவ்வளவுதான். நானும் அப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டு மறந்துபோனேன்.

மகள் பிறந்தாள். மூன்றாம் நாளே "மலைப்பிள்ளை" என்று பெயர் வைத்துவிட்டீர்கள். பெடியனாகப் பிறந்திருந்தால் மடுக் கோயிலை நினைத்து மடுத்தீன் என்று பெயர் வைத்து, இந்த நாட்டு ரீச்சர்மாரின் நாக்கை முறித்திருப்பீர்கள், நல்லகாலம். அவள் பிறந்ததும் ஆணியைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். வருடா வருடம் பிறந்தநாளுக்கு நெற்றில் சுற்றிக் கொண்டுவந்து கேக்குக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். வந்த ஆட்களுக்கு மலைக் கதையை நான் சொல்ல வேண்டும். சிலுவையின் அடி, மணிச்சில்லு, ஆணி, எல்லாம். ஒரு விவரம் விட்டுப்போனாலும் நானே திரும்பிப் போய்ச் சேர்த்துச் சொல்வேன். நீங்கள் கதிரையில் இருந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருப்பீர்கள். இவ்வளவு வாய்க்காரி, இந்தக் கதையில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இனித்தான் உங்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மலைக்குப் போனோம். பாதை ஊரில் மறுபடி பூட்டிக் கிடக்கிறது, மடுவுக்கு உங்கள் பெயரில் ஒரு மெழுகுதிரியும் அனுப்ப முடியாது. மாமியின் மலையில் கொளுத்துவோம் என்று மகள்தான் சொன்னாள். ஆணியையும் உங்கள் பையில் கொண்டுபோனேன். மகள் கட்டைக்குக் கட்டை பாய்ந்து பாய்ந்து ஏறினாள். நான் அதில் ஏறாதே, அது தலம் என்று கத்திக்கொண்டு பின்னால் போனேன்.

மேலே, கடைசிக் கட்டையில் ஒரு கிழவர் இருந்து தன் நாய்க்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, தொப்பி. மகள் போன்ஜூர் சொல்லி நாயைத் தடவினாள். நான் மெழுகுதிரி எடுக்க என்று பையைத் திறந்து, ஆணியை வெளியே வைத்தேன். கிழவர் அதைக் கண்டார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு தான் இருந்த கட்டையைத் தட்டிக் காட்டினார். அதில் இரும்பைப் பூட்டியிருந்தது அதே மாதிரி ஆணிகளால்.

என் கார்டெரிப் பிரெஞ்சுக்கு அவர் சொன்னது பாதி விளங்கியது. மீதியை மகள் குதித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். "அம்மா! இது பனியில ஸ்கீ பண்ணுற ஆக்களை மேல இழுக்கிற கயிறு கட்டின தூணாம்! இவற்ற அப்பாதான் கட்டினவராம்! பழைய லொறி எஞ்சினால சுத்துறதாம்! அந்தப் பெரிய சில்லிலதான் கயிறு ஓடுறதாம்!" பிறகு கண்ணை அகல விரித்து, "மாமி ஸ்கீ கம்பத்தையோ கும்பிட்டவா?" என்றாள்.

உங்கள் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சாள். எத்தனை இரவு அதைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்! இதை அறியாமலே நீங்கள் போய்ச் சேர்ந்தது நல்லது என்று மனதுக்குள் நினைத்தேன். நீங்கள் ஏமாந்தவராகவே போனீர்களே என்று உங்களுக்காகத் துக்கப்பட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

கிழவர் எங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். இதே மாதிரி ஒரு அம்மா முன்னம் வந்தார் என்றார். அப்பிள் காலத்தில், சில வருடங்களுக்கு முன். நீளச் சீலை, அதற்கு மேலே குளிருக்கு யக்கெற், ஓடுகிற சப்பாத்து, இந்தக் கறுப்புப் பை. இதே கட்டையில் முழங்காலில் இருந்தாராம். இது என்னவென்று தெரியுமா என்று இவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பாஷை விளங்கவில்லை. இவர் இரண்டு குச்சியைக் கையில் பிடித்து, முழங்காலை மடித்து, ஸ்கீக்காரன் மாதிரிக் கயிற்றில் தொங்கி ஏறி, சறுக்கி இறங்கிக் காட்டியிருக்கிறார்.

எங்களுக்கும் எழும்பி அப்படியே நடித்துக் காட்டினார். நாய் குரைத்தது.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு சிரிக்கத் தொடங்கினாராம். கட்டையில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாராம். தானும் சேர்ந்து சிரித்ததாகச் சொன்னார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த அம்மா கையால் சிலுவை போட்டுக் காட்டி, இரண்டு கையையும் விரித்தாராம். அப்போ சிலுவை எங்கே?

அவர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உச்சியைச் சுற்றி மறுபக்கம், கல்லும் வேரும் நிறைந்த பாதை, நல்ல தூரம். இரண்டு தரம் திரும்பிப் போவோம் என்று சைகை காட்டினேன், அம்மா கேட்கவில்லை என்றார். நொண்டி நொண்டி வந்தாராம். போகும்போது பையைத் திறந்து ஒரு பலகாரம் கொடுத்தாராம். கிழவர் விரலால் உருளையாகக் காட்டினார், பிறகு வாயைத் திறந்து கையால் விசிறினார். அந்த உறைப்பை இன்னும் மறக்கவில்லையாம்.

ரோல்ஸ், மச்சாள். அதோடு எனக்குச் சந்தேகம் விட்டுப்போனது.

அந்த இடத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். கறுத்த எரிமலைப் பாறையில் கல் அடுக்கிய ஒரு பீடம், இடிந்து, பாதி புல் மூடி. அதில் அறுத்த மரக்குற்றி ஒன்று இரும்புப் பட்டியோடு நின்றது. சிலுவை நின்ற இடம் அதுதான். இரும்புப் பட்டியில், வெயிலும் பனியும் தின்று வெளிறிப்போய், ஒரு ஊக்கில் கோத்த மடுமாதா பதக்கம். ஒவ்வொரு கோடையும் இதைப் பார்க்கிறேன், யாருடையதென்று தெரிந்தபடியால் தொடாமல் விட்டேன் என்றார் கிழவர்.

"அப்ப அக்காவுக்குத் தெரியும்" என்றார் உங்கள் தம்பி. தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் இருந்துவிட்டார்.

மரம் உயரம். அப்படித்தானே சொன்னீர்கள்? முழங்கால் வீங்கி வந்து, என் கட்டிலருகே இருந்து, அந்தச் சிரிப்பை எப்படி அடக்கினீர்கள்? உலகத்துக்கே சொல்லிச் சிரிக்க வேண்டிய பகிடி. தொழிற்சாலையில் ஊசி முறிந்தாலே ஒரு கிழமைக்குக் கதை சொல்கிற மனுசி. நான் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன் என்பதற்காக அதை முழுதாக விழுங்கிவிட்டீர்கள். நேர்த்தி பிழையாகிப்போனதே என்று எனக்கு ஒரு நிமிடமும் பயம் வரக்கூடாது என்று, உரிய இடத்துக்கு நொண்டிக்கொண்டு போய்ச் செய்து முடித்துவிட்டு, எனக்கு அப்பிள் கொண்டுவந்து தந்தீர்கள். ஐந்து பிறந்தநாள், நான் கதை சொல்ல நீங்கள் தலையாட்டினீர்கள். கள்ளி. என்ர கள்ளி மச்சாள். அந்தப் பீடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் கிழவர் பயந்து நாயைக் கூட்டிக்கொண்டு அங்கால் போய்விட்டார்.

மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றுக்கு நிற்கவில்லை, உங்கள் தம்பி கையால் மறைத்துப் பிடித்தார். மகள் ஆணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அப்ப இது திருப்பண்டம் இல்லையோ? சும்மா ஆணியோ? எறியட்டோ?"

"எறியாதை" என்றேன். "இது மாமி தொட்டது. மாமி வச்சிருந்தது."

அவள் யோசித்துவிட்டு, திரும்ப நெற்றில் சுற்றிப் பையில் வைத்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, போடுவதற்கு முதல் நீங்கள் செய்கிற மாதிரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கார் சத்தம் கேட்கிறது, உங்கள் தம்பி வந்துவிட்டார். நாளைக்கு எனக்குக் காலை வேலை. மகள் நடக்கப் பழகின வருடமே கார்டெரிக்குத் திரும்பிப் போய்விட்டேனே, அது உங்களுக்குத் தெரியும். இப்போது உங்கள் கறுப்புப் பையைத்தான் வேலைக்குக் கொண்டுபோகிறேன். உள்ளே என்ன, கல்லா என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேட்கிறார்கள். பாரம்தான், மச்சாள். ஆனால் அந்த ஐந்தாந் தலத்தில் இருந்து நான்தானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.